பிள்ளைக்கடல் காலியிடம் அல்ல

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மீன்பிடிச் சங்கத் தலைவர் ஹியோன் அவர்களே! மூச்சையே முதலாகப் போட்டு மூழ்கி எழும் மூத்த தாய்மார்களே! ஜெஜூத் தீவின் சங்குகுளிச் சகோதரிகளே! பின்வரிசையில் புன்னகை பூத்திருக்கும் காற்றாலை நிறுவன மேலாளர் பெக் அவர்களே! யாங் கும்-சோனின் வணக்கம்.

காற்றாலைக்கு நான் பகையில்லை. கடல் சூடேறிப் பாசி கருகுவதைக் கண்ணால் காண்கிறவள் நான். ஆனால் இந்தப் புன்னகையை நான் நம்பவில்லை!

ஏன் நம்பவில்லை? ஆரஞ்சு காய்த்துக் குலுங்கும் ஜெஜூவுக்கே ஆரஞ்சுப் பெட்டி சுமந்து வந்த மகராசன் இவர்! "உங்க பாரம்பரிய அறிவு பொக்கிஷம்மா. கரையோரம் நீங்க ஒண்ணுமே எடுக்காத இடம் எது?" என்றார். நாமும் வெள்ளந்தியாய்ப் பிள்ளைக்கடலைக் காட்டினோம். புதிதாய் வருகிறவள் மூச்சுப் பழகும் ஆழமில்லாக் கடல். அங்கே நாம் எடுப்பதில்லை; ஆழத்தில் எடுத்த சங்கில் கொஞ்சம் போட்டுவிட்டு வருவோம், பழகுகிறவள் கையில் அகப்படட்டும் என்று. மறுவாரம் வரைபடம் வந்தது. கடலுக்குள் நிற்கப்போகும் காற்றாலையின் மின்கம்பி கரையேறும் வழி எது? அதே பிள்ளைக்கடல்! வைத்த பெயர் என்ன? 'பயன்பாடற்ற பகுதி!'

பயன்பாடற்றதா? அதோ, சியோல் வேலையை உதறிவிட்டு மூச்சுப் பழக வந்த மி-ரான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எங்கே பழகுவாள் என்று மேலாளரிடம் கேட்டேன். "நீச்சல்குளம் கட்டித் தர்றோம்மா" என்றார். "குளத்துல அலையை யாரு அடிக்கிறது? நீங்களா?" என்றேன். சிரிக்காதீர்கள், அழவேண்டிய சங்கதி இது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது! ஆழத்துக் கிழக்குப் பாறை. "அங்க நீங்க சங்கு எடுக்குறீங்க, இழப்பீடு தரணும். பிள்ளைக்கடல்ல யாருக்கும் தர வேண்டாமே!" என்று மேலாளரே வாயை விட்டார். புரிகிறதா தாய்மார்களே? பிறக்காதவள் இழப்பீடு கேட்கமாட்டாள். பெயரில்லாதவள் வழக்குப் போடமாட்டாள். அந்தத் தைரியம்!

என்ன மால்-சுன் அக்கா? "அப்ப என்னதான் செய்யச் சொல்றடி?" என்கிறீர்களா? சொல்கிறேன். கிழக்குப் பாறை என் பிழைப்பு, உங்கள் பிழைப்பு. கம்பி அங்கே வரட்டும்! இழப்பீடும் வேண்டாம் என்போம். அப்போதும் பிள்ளைக்கடல்தான் வேண்டும் என்றால், அவர்கள் தேடுவது கம்பிக்கு வழியல்ல, கேள்வி கேட்க ஒருத்தியும் இல்லாத கடல் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். நம் சங்கு போகட்டும்! வரப்போகிறவளின் கடல் போகக்கூடாது!

ஆழம் போகிறவர்களே, சம்மதமென்றால் கை தூக்குங்கள். முதல் கை என்னுடையது. அட, மால்-சுன் அக்கா இரண்டு கையையும் தூக்கிவிட்டாரே! ஆளுக்கு ஓர் ஓட்டுதான் அக்கா!

செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. இனிமேல் பிறந்து, இந்தக் கடலில் இறங்கப்போகிற பெண்களுக்கு என் வணக்கம்!