கார்குழலி தள்ளிய பதினொரு முனைகள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் காலை ஏழு மணிக்கு மேல் கண்டெய்னர் லாரிகள் நகரவே நகராது. அதனால் நான் ஆறரைக்கே வேலைக்கு வந்துவிடுவேன் சார். பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதமில்லை.

வெளிநாட்டில் பூமிக்கடியில் துகள்களை மோதவிட்டு ஆராய்கிறார்கள். அங்கே உணர்கருவிகள் பதிவு செய்வதை ஒளியாக்கி, கண்ணாடி இழை வழியே மேலே அனுப்புகிற சின்னக் கருவியை எங்கள் கம்பெனி செய்கிறது. ஒருமுறை பொருத்திவிட்டால் பத்து வருடம் கை வைக்க முடியாது. இழையின் முனையை மெருகேற்றுவது என் வேலை. அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பாஸ் போடுவது கார்குழலியின் வேலை. வியாசர்பாடிப் பெண், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

நல்ல பெண். சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு வைப்பாள். ஆனால் ஒரே வாரத்தில் என் முனைகள் பதினொன்றைத் தள்ளினாள்.

“கோச்சுக்காதண்ணா, இதுலயும் கீறல் கீது. நீயே வந்து பாரு,” என்றாள்.

நான் பார்க்கவில்லை. என் வேலை எனக்குத் தெரியாதா? மேலாளர் லோகநாதன், என்னைத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்பப் போவதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். அவமானமாக இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

முனையைப் பார்க்கும்போது, மறுபக்கம் இழைக்குள் ஒளி பாய்ச்சும் சோதனை லேசர் அணைந்திருக்க வேண்டும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, வலிக்கவும் வலிக்காது, ஆனால் பார்வையைச் சுட்டுவிடும். சுவிட்ச் இருப்பது என் மேசையில். ஆகவே ஒவ்வொரு முறையும் குனிவதற்கு முன் கேட்பாள்: “அணைச்சிட்டியாண்ணா?”

“அணைச்சாச்சும்மா,” என்பேன்.

ஒரு திங்கட்கிழமை, மைக்ராஸ்கோப்பில் லேசரைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைத் துடைப்பதற்காகக் கழற்றினேன். திரும்பப் போடவில்லை. அன்றிலிருந்து சுவிட்சையும் தொடவில்லை. அவள் கேட்டபோதெல்லாம் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

மூன்றாவது வாரம், வலது கண்ணில் ஏதோ கறுப்பாக நிற்கிறது என்றாள். தூக்கம் போதவில்லை என்று ஆறுதல் சொல்லி, ராயபுரத்தில் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வலது கண் சரியாகும்வரை இடது கண்ணால் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். அப்போதும் கேட்டாள். நானும் அதையே சொன்னேன்.

கணவன் துரையின் முகம்கூட இப்போது தெரிவதில்லையாம். குரலை வைத்துத்தான் கண்டுகொள்கிறாளாம். கேட்க எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவள் வேலையை விட்டுப் போன பிறகு என் முனை ஒன்றுகூடத் தள்ளுபடியாகவில்லை. குறை என் வேலையில் இல்லை என்பது லோகநாதனுக்கு இப்போதாவது புரிந்திருக்கும்.