மூணு இன்ச் உசரம்

— ரெண்டு இன்ச் பத்தாதுண்ணே. வண்டியை மூணு இன்ச் தூக்கணும்.

— நீ என்ன மலையா ஏறப்போற தம்பி? கடைக்கும் குடோனுக்கும் பைப் ஏத்துற வண்டி. நானும் நாப்பது வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறேன், இப்படி ஒரு ஆசையோட வந்த பைப் கடைக்காரன் நீதான்.

— மழை பெஞ்சா ரோட்டுல தண்ணி நிக்குதுல்ல.

— எங்க நிக்குது? சரி, உன் வண்டி, உன் இஷ்டம். கேட்டுக்கோ. லிஃப்ட் கிட்டுல ரெண்டு தினுசு. ஒண்ணு, முன்னாடி ஸ்பிரிங், பின்னாடி ஸ்பிரிங் பட்டை, நாலு ஷாக், எல்லாமே புதுசு. மூணு இன்ச் தாராளமா வரும், வண்டியும் மெத்துன்னு போகும். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

— இன்னொண்ணு?

— பழைய ஸ்பிரிங் மேல ஒரு வளையம், பின்னாடி பட்டைக்கு அடியில ஒரு இரும்புக் கட்டை. மலிவு. ஆனா கேட்டுக்கோ, கட்டை வச்சு ரெண்டு இன்ச்சுக்கு மேல நான் தூக்க மாட்டேன். வளைவுல வண்டி ஆடும்.

— மலிவுதான் கட்டுப்படியாகும். அதுலயே மூணு பண்ணிக் குடுங்கண்ணே.

— தூக்கித் தூக்கிப் போடும்ப்பா. உங்கப்பாவுக்கு எழுபத்திநாலு வயசு. அவரு இடுப்பை நினைச்சுப் பாத்தியா?

— அவரை நினைச்சுத்தான் வந்திருக்கேன்.

— அப்ப கால் வச்சு ஏற ஃபுட்போர்டு ஒரு ஜோடி தரேன். கிட்டோட சும்மாவே வரும்.

— அது மட்டும் வேணாம்! இருந்த பழசும் எங்கேயோ கழண்டு விழுந்துடுச்சு. நல்லதாப் போச்சு.

— ம்... விழுந்துடுச்சா? கையில வச்சிருக்கியே, அந்த அளவு டேப்பை இங்க குடு. பேனாவுல என்ன கோடு இது?

— அது சும்மாண்ணே.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. என்ன அளவு?

— எங்கப்பாவால கால் தூக்கி வைக்க முடியுற உசரம். வாசப்படி, கட்டில், ஸ்டூல்னு அவருக்குத் தெரியாம அளந்தேன். மூணு இன்ச் தூக்கினா அவரால ஏற முடியாது.

— அட பாவி!

— ஞாயித்துக்கிழமை எம்பொண்ணை ஏத்திட்டுப் போனாரு. எதிர்ல வந்த லாரி அவரு கண்ணுக்குத் தெரியவே இல்லண்ணே. இவ கத்துனதும்தான் திருப்பியிருக்காரு. அவ சொல்லித்தான் எனக்கே தெரியும். அவரு வாயே திறக்கல.

— சாவியைக் குடுங்கன்னு கேக்க வேண்டியதுதானே.

— எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக்குடுத்தவருண்ணே. அவருகிட்ட இனிமே ஓட்டாதீங்கன்னு எந்த வாயால சொல்ல? வண்டி உசரமாயிடுச்சுன்னு அவரு வண்டியைத் திட்டிட்டுப் போகட்டும். தனக்கு வயசாயிடுச்சுன்னு நினைக்க வேணாம்.

— அதுக்கப்புறம் வண்டியை எடுத்தாரா?

— இல்ல. முட்டி வலின்னு படுத்தே கிடக்காரு. வலி விட்டதும் எடுத்துடுவாரு, அதான் பயமா இருக்கு.

— அந்த டயர் அடுக்குக்குப் பின்னாடி பாரு.

— ஃபுட்போர்டு... ஐயோ, இது எங்க வண்டியோடதுண்ணே! இந்த நீலம் நான் அடிச்சது.

— திங்கக்கிழமை நீ கடையில இருந்தப்ப உங்கப்பா வந்தாரு. துரு ஏறிடுச்சு, ரெண்டையும் கழட்டுன்னாரு. ஒரு பொட்டுத் துரு இருக்கான்னு தடவிப் பாரு.

— இல்லியே.

— உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அதான் இவ்வளவு நேரம் வாயை மூடிட்டிருந்தேன். "முட்டி வலி, படி இல்லாம ஏற முடியலன்னு வீட்ல சொல்லிக்கிறேன். கண்ணு தெரியலன்னு எம்புள்ளைகிட்டச் சொல்ல நா எழலப்பா"ன்னாரு. அப்புறம் சாவியை என் கையில குடுத்துட்டு, நான் ஓட்ட, பக்கத்து சீட்டுலதான் வீட்டுக்கு வந்தாரு. நான்தான் கை குடுத்து ஏத்திவிட்டேன்.

— அப்ப அந்த முட்டி வலி...

— என்ன தம்பி, அழறியா? கிட்டு எதுன்னு சொல்லு, போட்டுடலாம்.

— கிட்டு வேணாம்ண்ணே. அந்த ஃபுட்போர்டுல ஒண்ணை மாட்டிவிடுங்க. நான் ஓட்டுற பக்கம் இல்ல, பக்கத்து சீட்டுப் பக்கம்.