மூணாம் நம்பர் குழாய்

ஹலோ... ஹலோ, கசொண்டெயா? ... நான்தான்டா, சிலுஃப்யா. ... ஆமா ஆமா, ரேடியோ சிலுஃப்யாவேதான். சிரிக்காத. ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். முசொண்டா பாட்டு போட்டிருக்கான், அது முடியறதுக்குள்ள சொல்லு. உங்க சுரங்கக் கழிவு அணையில என்ன நடக்குது?

... ஒண்ணுமில்லயா? அப்ப கேளு. இப்பத்தான் நாமுகோலோ அக்கா போன் பண்ணாங்க. அணைக்குக் கீழ தோட்டம் போட்டு கீரை விக்கிறாங்களே, அவங்கதான். கீரை அலச ஓடையில எறங்கினாங்களாம். தண்ணி கஞ்சி மாதிரி வருதாம். ... மழையா? மழை பெஞ்சு ஒன்பது நாளாச்சுடா! காலையில வானிலை வாசிக்கிறதே நான்தான்.

... சரி, சரி. நான் இப்ப அங்க வேல பாக்கல, ஒத்துக்கறேன். சுரங்கத்த விட்டு ஆறு வருஷமாச்சு. மீன் வித்தேன், துணி தைச்சேன், இப்போ மைக்குல கத்தறேன். "சிலுஃப்யா அடுத்து என்ன, பாதிரியாரா"ன்னு கேன்டீன்ல நீங்க பேசிக்கிட்டது எனக்கும் வந்துச்சு. ... அட, கோவமெல்லாம் இல்ல. ஆனா அந்த அணையில குழாய்க்குள்ள கயிறு விட்டுத் தண்ணி மட்டம் பாக்க உனக்குக் கத்துக் கொடுத்தவ நான். கசிவு தெளிவா வந்தா பயமில்ல, கலங்கி வந்தா அணை உள்ளுக்குள்ள கரையுது. மறந்துட்டியா?

... ம். மறக்கலயில்ல? அப்ப மூணாம் நம்பர் குழாய் எவ்ளோ காட்டுது? ... சொல்லு. ... உன் பேர நான் எங்கயும் இழுக்க மாட்டேன், சொல்லுடா.

... எவ்ளோ? ... திருப்பிச் சொல்லு. ... கடவுளே. நான் வேலைக்குச் சேந்தப்போ பத்து மீட்டர் கீழ கெடந்த தண்ணி... ரெண்டு மீட்டர்லயா?

அபாயச் சங்க ஊது. ... எந்த உத்தரவு? ... லுசாகா ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரிய மேனேஜர் சொல்லணுமா? அவரு மீட்டிங்ல இருக்காரா! ... தெரியும், அடுத்த வாரம் நீ சீஃப் ஆகப்போற. பதினாலு வருஷம், ஒரு படி தவறாம ஏறியிருக்க. தெரியும். ... நானா? நான் ஏன் அன்னைக்கு ஊரக் கூட்டலன்னு கேக்கறியா? ... நியாயம்தான். தண்ணி ஏறுதுன்னு நான் எழுதின எண்ண மாத்தச் சொன்னாங்க. மாத்த மாட்டேன்னு வேலய விட்டேன். ஆனா வாயத் தொறக்கல. பேசாம போய் மீன் வித்தேன். அது என் தப்பு.

சரி, மொதல்ல உன் பொண்டாட்டிய கெளம்பச் சொல்லு, அவளும் கீழ்க் காலனிலதான... ... இல்லயா? எங்க? ... ந்தோலா டவுனுக்கா? பிள்ளைங்களோடயா, பள்ளிக்கூட நாள்ல? ... எப்போ அனுப்பின?

... கசொண்டெ. நேத்து சாயங்காலமே உனக்குத் தெரியுமா?

... அழாத. அழாதடா, நேரமில்ல. அந்தக் காலனிப் பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைச்சவ நான். நாநூத்துப் பன்னண்டு பிள்ளைங்க. ஒவ்வொண்ணுக்கும் தோள் அளவு எடுத்திருக்கேன்.

போன வைக்காத. அப்படியே இரு. முசொண்டா! பாட்ட நிறுத்து. நிறுத்துன்னா நிறுத்து! மைக்கப் போடு.

நேயர்களே, நான் சிலுஃப்யா. கீழ்க் காலனிக்காரங்க, சந்தைக்காரங்க எல்லாரும் இப்பவே கெளம்புங்க. கழிவு அணை உடையப் போகுது. ன்ஷிமா களி அடுப்புல இருந்தா அப்படியே கெடக்கட்டும். ஓடையத் தாண்டாதீங்க, சர்ச் மேட்டுக்கு ஏறுங்க. வாத்தியாருங்களே, பை வேண்டாம், பிள்ளைங்க கையப் புடிங்க. மீன் கடைக்குப் பின்னால முள்வேலிச் சந்து இருக்கு. கூடையத் தூக்கிக்கிட்டு தெனம் நடந்த வழி, நேரா மேட்டுல கொண்டு விடும். இதச் சொல்றது நான். பொறுப்பும் நான்தான்.

கசொண்டெ, இருக்கியா? ரேடியோ கேட்டியா? ... என்ன சத்தம் அது? ... சங்கா! ஊதிட்டியா? ... ஆமா, ஆமா, இங்க ஜன்னல்லயும் கேக்குது. ... நல்ல பையன்டா நீ. இப்போ எங்க நிக்கிற? ... அந்த ரூம்லயா? அது அணை மேலதான இருக்கு! எறங்கு. ... எந்த ரெஜிஸ்டர்? விட்டுத் தொல! ... எல்லா எண்ணும் அதுலதான் இருக்கா? சரி, கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடு. வடக்குப் பக்க மேட்டுல ஏறு, ரோட்டுப் பக்கம் வேண்டாம். ... ஓடறியா? ... மூச்சு வாங்கறது கேக்குது, ஓடு, நிக்காத... கசொண்டெ?

... ஹலோ?

... ஹலோ?

நேயர்களே... சங்கு நின்னுபோச்சு. நீங்க நிக்காதீங்க.