தென்மேற்கு மூலையில் ஒரு பள்ளம்

தண்ணீருக்குச் சிபாரிசு எதுவும் செல்லாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். மேட்டுப் பயிர் காயும், பள்ளத்துப் பயிர் அழுகும்.

அதற்குத்தான் லேசர் கருவி. வரப்போரம் முக்காலியில் ஒளி சுழலும். டிராக்டர் இழுக்கிற தகடு அந்த ஒளியைப் பார்த்து மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போடும். இந்தப் பஞ்சாபில் சங்ரூர் பக்கம் பதினாறு ஊர்களுக்கு அதை ஓட்டுகிறவன் இந்த ஹாகம் சிங்தான். நான் சமன் செய்த வயலில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்ததில்லை.

நச்சத்தர் சிங், 'சிறந்த விவசாயி' கேடயம் வாங்கியவர். வாங்கிய நாளிலிருந்து அவர் இருமினால்கூடச் சொற்பொழிவு மாதிரி இருக்கும். அவரைக் கேட்காமல் என்னைக் கூப்பிட்டது அவர் மனைவி குல்வந்த் அண்ணிதான். கூப்பிட்டுவிட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

மே மாத மத்தியானம். வயலில் நானும் நச்சத்தரும் மட்டும். ஒளிக்குக் குறுக்கே வந்து நின்றார். ஒளி மறைந்தால் தகட்டுக்குக் கண் தெரியாது.

"தள்ளிக்குங்க அண்ணே."

"எதுக்குடா? என் கண்ணே லேசர்தான். எங்க தாத்தா ஒட்டகத்தை வெச்சு சமன் பண்ணின நிலம்டா இது."

"அதான் ஒட்டக முதுகு மாதிரியே இருக்கு."

"டேய், கேடயம் யார் வீட்டுல இருக்கு? சொல்லு."

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் கேடயத்தையே சொன்னார். நான் கோபக்காரன் இல்லை. இறங்கிப் போய், மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரே அடி. தென்மேற்கு மூலையில் எப்படியும் மண் நிரப்ப வேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் வயல் முழுக்கச் சமம் என்று கருவி பச்சை விளக்கு காட்டியது.

எங்கள் பக்கம் ஆள் காணாமல் போனால் கள்ளவழியில் கனடா போயிருப்பான் என்று ஊரே முடிவு கட்டிவிடும். ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கும் அதே மரியாதை கிடைத்தது. அண்ணி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தவறு என்னுடையதுதான். தோண்டிப் போட்ட மண் தண்ணீர் குடித்தால் அமுங்கும். முதல் நடவிலேயே அந்த மூலை நான்கு விரல் இறங்கிவிட்டது. நெல் என்னவோ அங்கே மட்டும் நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் நான் சமன் செய்த வயலில் பள்ளமா? அறுவடை முடிந்ததும் போய் நிரப்பினேன். மறுவருஷமும் போனேன். மூன்றாம் தடவை அண்ணி வரப்பில் வந்து நின்றார்.

"ஏம்ப்பா ஹாகம், கூப்பிடாமலே வந்து வந்து அதே மூலையில மண்ணைப் போடுறியே, கீழ என்னதான்யா இருக்கு?"

"அந்த போனுக்கு இனிமே காத்திருக்காதீங்க அண்ணி" என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் என்னையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தார். நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

ஆம், கொன்றது நான்தான். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வருத்தம்தான். உங்கள் ஆட்கள் அந்த மூலையை ஆளுயரம் தோண்டி அப்படியே போட்டுவிட்டார்கள். நடவுக்குப் பத்து நாள்கூட இல்லை. அரை நாள் விட்டால் சரிசெய்துவிட்டு வந்துவிடுவேன். அண்ணி பாவம், தனி ஆள். என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?