கடைசி வரிசைக் குழாய்கள்

அவர்: சரி. அடுத்த கட்டை.

அவள்: இருங்க... விரல் மரத்துப்போச்சு.

அவர்: உட்காந்த இடத்துல ஒத்தை விரலால அழுத்துறவளுக்கு மரத்துப்போச்சாம். நான் இங்க ஆர்கன் குழாய்களுக்கு நடுவுல மூச்சுவிட இடமில்லாம நிக்கிறேன்.

அவள்: தொப்பையை வெளிய வச்சிட்டுப் போயிருக்கலாம்ல?

அவர்: வாயடிக்காத. அழுத்து.

அவள்: அழுத்தியாச்சு.

அவர்: சுதி லேசா ஏறியிருக்கு... இப்ப?

அவள்: இப்ப சரியாயிடுச்சு.

அவர்: சரின்னு நான் சொல்லணும்.

அவள்: ஆமாங்க சாமி, நீங்களே சொல்லுங்க.

அவர்: சரி. இந்த வரிசை முடிஞ்சுது. இனிமே அந்தக் கடைசிப் பொடி வரிசைதான். எல்லாம் சுண்டுவிரல் நீளம்.

அவள்: அதுக்கு முன்னாடி... போய்ச் சாப்பிட்டு வந்துடுங்களேன்.

அவர்: ஆமா. பசிக்கத்தான் செய்யுது.

டீச்சர்: உள்ள வரலாமா?

அவள்: வாங்க டீச்சர். பாட்டு கிளாஸ் முடிஞ்சுதா?

டீச்சர்: முடிஞ்சுது. இந்த ஆர்கனைப் பிரிச்சுப் போட்டப்ப நம்ம ஸ்கூல் சேப்பலே குழாய்க்கடை மாதிரி கிடந்துச்சு. இப்ப பாருங்க! மேஸ்திரி எங்க?

அவர்: இங்கதான் டீச்சர், உள்ள. தலையை மட்டும்தான் காட்ட முடியும்.

டீச்சர்: நீங்க வேலையைப் பாருங்க. பிள்ளைங்க ஒத்திகைக்கு வர்ற வரைக்கும் நான் ஓரமா உட்காந்து கேக்குறேன்.

அவள்: எதுக்கு டீச்சர்... ஒரே கீச்சு கீச்சுன்னு இருக்கும். தலைவலிதான் வரும்.

டீச்சர்: வரட்டும். விழாவுல முதல் பாட்டுக்கு ஆரம்பமே அந்தக் கடைசி வரிசைதான். ஆர்கன் மட்டும் தனியா. கொஞ்சம் பிசிறினாலும் அத்தனை பேர் முன்னாடி மானம் போயிடும்.

அவர்: நீங்க... சாப்பிட்டாச்சா டீச்சர்?

டீச்சர்: ஆச்சே.

அவள்: காப்பி...?

டீச்சர்: அதுவும் ஆச்சு. என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து என்னை விரட்டுறீங்களா?

அவள்: ஐயோ, அப்படியெல்லாம் இல்ல!

டீச்சர்: ஏன் மேஸ்திரி, நீங்க சாப்பிடப் போகலையா?

அவர்: இல்ல... அப்புறமா போய்க்கிறேன்.

டீச்சர்: அட, முக்கியமானதைச் சொல்லலையே! பித்தளைப் பலகை வந்துடுச்சு. இந்தச் சுவத்துல மாட்டப்போறோம். உங்க பேரைப் போட்டு, 'இவர் காதால் சுதி சேர்ந்தது'ன்னு. நான் எழுதின வரி. என்ன, சத்தத்தையே காணோம்? பிடிக்கலையா?

அவர்: காதெல்லாம் எதுக்கு டீச்சர்... பேரு போதுமே. பேரு கூட வேணாம்.

டீச்சர்: அடக்கத்தைப் பாரு! இருங்க, ஆபீஸ் ரூம்லதான் இருக்கு. எடுத்துட்டு வந்து காட்டுறேன்.

அவள்: மெதுவா வாங்க டீச்சர்.

அவர்: ...போயிட்டாங்களா?

அவள்: ம்.

அவர்: சரி. கடைசி வரிசை. முதல் கட்டை.

அவள்: ...

அவர்: சரி. அடுத்தது.

அவள்: ...

அவர்: இதைக் கொஞ்சம் தட்டணும்... ம், இப்ப சரி. அடுத்தது.

அவள்: ஏங்க...

அவர்: என்ன?

அவள்: நான் இன்னும் கட்டை மேல கையே வைக்கலைங்க. வேணும்னு செய்யலை. சத்தியமா. பலகைன்னதும் எனக்குக் கை ஓடலை. நீங்க பாட்டுக்கு சரி, சரின்னு...

அவர்: போதும்.

அவள்: எனக்கே கூசுதுங்க.

அவர்: உனக்கு எதுக்குக் கூசணும்?

அவள்: நான் ஒண்ணு மறைச்சுட்டேன். கொஞ்ச நாளா... நீங்க சாப்பிடப் போனதும் கட்டை அழுந்தியே இருக்கட்டும்னு அது மேல ஈயக் குண்டை வச்சுட்டு, நான் உள்ள பூந்து அந்தப் பொடிக் குழாயை எல்லாம்...

அவர்: தெரியும்.

அவள்: என்ன தெரியும்?

அவர்: போன வேலையில குண்டைக் கட்டை மேலயே விட்டுட்ட. நான்தான் எடுத்துப் பெட்டிக்குள்ள போட்டேன்.

அவள்: அப்பவே கேட்டிருக்கலாமே!

அவர்: என்னன்னு கேக்குறது? எனக்கு மேல் சுதிச் சத்தம் ஒண்ணுமே காதுல விழலைன்னா? நாலு வாய் சாப்பிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கை அலம்பிட்டு வெயில்ல சும்மா சுத்திக்கிட்டு இருப்பேன்... நீ முடிக்கட்டும்னு.

அவள்: அடப் பாவி மனுஷா!

அவர்: பாவிதான். வேலை செஞ்சது நீ. கை குலுக்கிட்டு வந்தது நான். ஒவ்வொரு இடத்துலயும் வெக்கமே இல்லாம குலுக்கினேன்.

அவள்: அதெல்லாம் வீட்டுல பேசிக்கலாம். டீச்சர் வந்தா தலைசுத்துதுன்னு சொல்லி அவங்களையும் கூட்டிட்டு வெளிய போங்க. அதுக்குள்ள நான்...

அவர்: வேணாம். எந்திரி. நான் வெளிய வரேன்.

அவள்: வந்து?

அவர்: நீ உள்ள போ. நான் கட்டையை அழுத்துறேன்.

அவள்: டீச்சர் பார்த்துட்டா?

அவர்: போன்னு சொல்றேன்ல. தொப்பை இல்லாதவளுக்கு அங்க தாராளமா இடம் இருக்கு.

அவள்: ...அழுத்துங்க.

அவர்: அழுத்திட்டேன்.

அவள்: கொஞ்சம் இறங்கியிருக்கு... ம். சரி. அடுத்தது.

டீச்சர்: இதோ பலகை! எழுத்தைப் பாருங்க, எவ்வளவு அழகா... என்ன மேஸ்திரி, நீங்க இங்க உட்காந்திருக்கீங்க? அப்ப உள்ள யாரு?

அவள்: நான்தான் டீச்சர்... சும்மா தூசி தட்டிக்கிட்டு...

அவர்: நீ சும்மா இரு. டீச்சர், அந்தப் பலகையைக் கீழ வைங்க. அதுல எழுதியிருக்கிற காது என்னுது இல்ல. அது உள்ள நின்னுக்கிட்டு இருக்கு.