ஓடினும் சுடலைமாடனும்

அம்பாசமுத்திரம் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

“ஓடினைப் பத்திப் படிச்சதெல்லாம் இனி மறக்கணும்ட்டி,” என்றாள் ஜன்னலோரத்துப் பெண்.

“யாருட்டி ஓடின்?” என்றாள் தோழி.

“நார்வே பக்கம் அந்தக் காலத்துல கும்பிட்ட ஒத்தைக்கண் சாமி. ஒருத்தன் வீடியோவ நம்பித்தான் அத்தனையும் படிச்சேன். நேத்து அவன் நம்ம சுடலைமாடனைப் பத்திப் போட்டிருக்கான். தூக்குல போட்ட கொள்ளைக்காரனாம். சிவன் பிள்ளையப் போயி அப்படிச் சொல்லுதான். எங்கேருந்து எடுத்தன்னு கேட்டேன். என்னைய பிளாக் பண்ணிட்டான்.”

“விடுட்டி. நல்ல புத்தகமாப் பாத்துப் படி.”

“தேடிக்கிட்டுதான் இருக்கேன். எங்க மாமா கோயில் கொடையில வில்லடிச்சுச் சுடலை கதை பாடக் கேட்டதால அதுல அவன் புளுகு தெரிஞ்சுது. ஓடின் கதையில என்னத்தப் புளுகினான்னு கேக்க, நார்வேல எனக்கு எந்த மாமா இருக்காரு?”