சாவி சொன்ன பேர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால, தேரின்னு சொல்ற செம்மணல் காட்டை ஒட்டி சற்குணபுரம்னு ஒரு ஊர். கிறிஸ்து வேதத்துக்கு வந்து ஒரு தலைமுறைகூட ஆகாத ஊராம். அங்கே அன்னப்பழம்னு ஒருத்தி இருந்தா. எங்க அம்மை வழியில மூத்தவ. புருசன் இல்லாதவ. கோயிலைத் தூத்து வைக்கிற வேலை அவளுக்கு.

ஒரு பண்டிகைக்கு முந்தின வாரம் திருவிருந்துக் கிண்ணத்தைக் காணோம். திராட்சரசம் கொடுக்கிற வெள்ளிக் கிண்ணம். பொட்டியில இல்ல, பீடத்துல இல்ல. ஊரே கூடிச்சாம்.

"அக்கரைக்குப் போவோம்வே. மை போட்டுப் பாக்கிறவன் ஒரு நொடியில சொல்லிருவான்"னு ஒருத்தர் சொன்னாராம்.

"ஒம்ம ஆடு தெக்க போயிருக்குன்னு சொன்னானே, வடக்க இருந்து தானா வந்துச்சே, அவனா?"ன்னு இன்னொருத்தர்.

ஐயர் இல்லாத நாள்ல சபையைப் பாத்துக்கிற உபதேசியார் வேதக்கண் எழுந்தாராம். "மை பாக்கிறதும் குறி கேக்கிறதும் கர்த்தருக்கு அருவருப்பு. மோசே கையில எழுதிக் கொடுத்திருக்காரு. அக்கரைப் பக்கம் ஒருத்தனும் கால் வைக்கக் கூடாது."

சரின்னாங்க. அதோட விட்டிருந்தா இந்தக் கதை இல்ல.

பண்டிகைக்கு வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் வருவார். கிண்ணம் எங்கேன்னு கேப்பார். பதில் சொல்ல வேண்டியது உபதேசியார். "வெளியே எதுக்குப் போகணும்? நம்ம வேதமே சொல்லும்"னார். கோயில் சாவியை வேதபுத்தகத்துக்குள்ள வச்சார். வளையம் மட்டும் வெளியே தெரிய, கயிறு போட்டுக் கட்டினார். ரெண்டு பேர் வளையத்தை விரல்ல தாங்கிப் பிடிக்க, புத்தகம் கீழே தொங்கிச்சு. ஊர்ல உள்ள பேரை ஒவ்வொண்ணாச் சொன்னார். எந்தப் பேருக்குப் புத்தகம் திரும்புதோ, அந்தப் பேர்தான் களவாணி.

அன்னப்பழம் பேருக்குத் திரும்பிச்சாம். கை அசந்ததோ, காத்து அடிச்சதோ, திரும்பிச்சு.

"நான் எடுத்ததைப் பாத்தது யாரு ஐயா?"ன்னு கேட்டாளாம்.

"வேதமே சாட்சி."

"அப்ப கட்டை அவுத்து வாசிங்க. எந்த அதிகாரத்துல எம்பேரு கிடக்குன்னு கேக்கேன்."

அவர் அவுக்கலையாம்.

"அக்கரைக்காரன் சொல்லியிருந்தா, பொய்யின்னு அவன் மொகத்துக்கு நேரா சொல்லியிருப்பேன். நீங்க இதை வச்சுச் சொல்லிட்டீங்க. இதை எப்படி நான் பொய்யின்னு சொல்ல?"

அவளைச் சபையை விட்டுத் தள்ளினாங்க. கிணத்துல தண்ணி எடுக்க விடல. தேரிக்குள்ள போய் ஓலைக்குடிசை போட்டா. மணல்ல ஊத்துத் தோண்டிக் குடிச்சாளாம்.

பண்டிகைக்கு ஐயர் வந்தார். கையில கிண்ணம். "போன தடவை வந்தப்போ ஒடுங்கிக் கிடந்தது. தட்டி நிமித்தக் கொண்டுபோனேன். சொல்லிட்டுப் போக மறந்துட்டேன்"னாராம்.

களவே நடக்கல. நடக்காத களவுக்கு ஒரு களவாணியைக் கொடுத்திருக்கு சாவி. கேட்டா ஒரு பேர் வரத்தான் செய்யும். அதனாலதான் கேக்காதேன்னு எழுதியிருக்கு, எதை வச்சுக் கேட்டாலும்.

உபதேசியாரும் ஊரும் தேரிக்குப் போனாங்க. "மன்னிச்சு வந்துரு தாயி."

அவ ஓலைப்பெட்டி முடைஞ்சிட்டு இருந்தாளாம். தலை நிமிரல. "நான் வருவேனா மாட்டேனான்னு எங்கிட்ட ஏன் கேக்கீங்க? புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டுக் கேட்டுப் பாருங்க."

வரல. கடைசி வரைக்கும் வரல. தேரியிலதான் அடக்கம். காத்துக்கு மணல் எடம் மாறும். குழி இன்ன இடம்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது.

ஆனா சற்குணபுரம் கோயில்ல வேதபுத்தகத்தை மூடவும் மாட்டாங்க, கட்டவும் மாட்டாங்க. ராப்பகலா விரிச்சேதான் கிடக்கும். தூசி விழும், பல்லி ஓடும். புதுசா வர்ற குருவானவர் கைப்பழக்கத்துல மூடிட்டா, ஆராதனை நடுவுலயே யாராவது ஒரு பொம்பளை எந்திரிச்சுப் போய்த் திறந்து வச்சுட்டு வந்து உக்காருவா. ஊர்ல ஒருத்தரும் அவளை ஏன்னு கேக்க மாட்டாங்க.